பெயர் வைக்காத புள்ளி

சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகிற ரோட்டில் ஒரு சின்ன மதகு இருக்கிறது. அதன் ஓரத்தில் குந்திக்கொண்டு கல்லிடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "என்னா சார், எதனா தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா, சாவி" என்று பொய் சொன்னேன். நல்ல மனுஷர். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, இல்லாத சாவியை என்னோடு சேர்ந்து வெகுநேரம் தேடினார். கடைசியில், "பேசாம பூட்ட உடைச்சிடுங்க சார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தேடியது ஒரு ஃபிலிம் டப்பாவை. கேமராவுக்குப் போடுகிற ஃபிலிம் ரோல் வருமே, அந்தக் கறுப்பு டப்பா. அது என்னுடையதும் இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வேண்டுமென்றே ஒளித்துவைத்துவிட்டுப் போனது. கல்யாணம் ஆகி, சொந்தமாகத் தொழில் வைத்திருக்கிற ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இதற்காகக் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறான் என்று அந்த சைக்கிள்காரரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது மறைத்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேட வேண்டும். கண்டுபிடித்தால் உள்ளே சுருட்டி வைத்திருக்கிற காகிதத்தில் நம் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பரிசு, பாராட்டு எதுவும் கிடையாது.

அப்போது நான் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பாண்டிச்சேரியிலிருந்து சிதம்பரம் கோயில் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் வழியில் இறங்கி என் கடையில் ஒரு பக்கத்தை பிரின்ட் எடுத்தார். கோடு கோடாக விழுந்திருந்த முதல் பிரதியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். நம் ஊர்ப்பக்கம் ஒரு மதகில் புதையல் மாதிரி ஏதோ இருக்கிறது என்று அதில் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. நல்ல குணம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னிடம் ஜிபிஎஸ் இல்லை. தேவனாம்பட்டினத்தில் என் சிநேகிதன் ஒருவனிடம் இருந்தது.

அவன் மீன்பிடிக்கிறவன். நான் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். படிப்பில் ஒன்றாகத் தோற்றதால் வந்த சிநேகம் எங்களுடையது. ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். சுனாமியில் அவனுடைய வீடு போனது. வீட்டுக்குள் இருந்த அவன் அம்மாவும் போனார்கள். அவர்களுடைய உடம்பு கிடைக்கவில்லை. கரையெல்லாம் தேடினோம், பரங்கிப்பேட்டை வரைக்கும் போய்ப் பார்த்தோம். கூடவே நானும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போனேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், நிவாரணமாக வந்த பொருட்களில் அவன் பங்குக்குக் கையடக்கமான ஒரு ஜிபிஎஸ் செட்டும் வந்தது. மெனு முழுக்க இங்கிலீஷ். அதை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வந்தான். நான் அவனுக்கு வாத்தியார் ஆனேன். எந்தப் பொத்தானை அமுக்கினால் இடம் பதிவாகும், பதிந்த இடத்துக்குத் திரும்பிப் போக எதை அமுக்க வேண்டும், எல்லாவற்றையும் மைதானத்தில் நடக்கவிட்டுக் கற்றுக்கொடுத்தேன்.

"கரையில எத வச்சி அடையாளம் பாக்குறது?" என்று கேட்டான்.

"ஒண்ணையும் பாக்க வேணாம் மச்சான். பொத்தான அமுக்கு, போதும். நீ எதையும் ஞாபகம் வச்சிக்க வேணாம், இது வச்சிக்கும்" என்றேன்.

எவ்வளவு மிதப்பாகச் சொன்னேன் என்பது எனக்கே காதில் கேட்கிறது.

சில வருஷம் கழித்து இந்த ஜியோகேச்சிங் பைத்தியம் பிடித்தபோது, அவன் படகின் இன்ஜின் ரிப்பேருக்குப் போயிருந்தது. செட் வீட்டில் சும்மாதான் கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டான். எதற்கு என்று சொன்னேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். "டப்பாவத் தேடிகிட்டு டவுன் பஸ்ல போறியா? அந்த டப்பாக்குள்ள என்னா இருக்கும்?" என்றான். "பேப்பர்" என்றேன். மறுபடியும் சிரித்தான். அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொல்லிச் சிரித்தான்.

இப்போதும் எனக்கு எப்போதாவது மின்னஞ்சல் வரும். அந்த மதகு டப்பாவைக் கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு, புதிதாக இறங்கியிருக்கிற பிள்ளைகள் யாராவது, "சார், போய்ப் பார்த்தோம், கிடைக்கவே இல்லை, ஏதாவது டிப்ஸ் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். சிதம்பரத்தில் படிக்கிற பிள்ளைகள்தான் ஜாஸ்தி. கிடைக்காத எரிச்சல் என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் பதில் போட்டுவிடுவேன்.

முதலில், கருவி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அது காட்டுகிற இடத்திலிருந்து நாலைந்து ஆள் நீளம் எந்தப் பக்கமும் தள்ளியிருக்கலாம். மரத்தடியாக இருந்தால் இன்னும் ஜாஸ்தி தள்ளும். கிட்டே வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் கருவியைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். நான் முதல் தடவை போனபோது அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு நடந்து வாய்க்காலில் இறங்கிவிட்டேன். முழங்கால் வரைக்கும் சேறு. திரும்பி வந்த பஸ்ஸில் கண்டக்டர் என்னை உட்கார விடவில்லை.

அப்புறம், ஒளித்தவனாக நம்மை நினைத்துக்கொள்ள வேண்டும். நாமே ஒரு டப்பாவோடு இங்கே வந்தால், மழையில் நனையாமல், ஆடு மேய்க்கிறவர் கண்ணில் படாமல் எங்கே வைப்போம்? கண்ணால் மட்டும் தேடினால் கிடைக்காது, அடிப்பக்கம் கைவிட்டுத் தடவ வேண்டும். பாம்பு இருக்கும், முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். இயற்கையாக இல்லாதது எது என்று பாருங்கள். யாராவது வந்தால் செல்போனில் பேசுகிற மாதிரி நில்லுங்கள், சாவி தொலைந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். முக்கியமாக, கோபத்தோடு தேடாதீர்கள். கோபத்தோடு தேடினால் எதிரே இருப்பதும் தெரியாது.

இதெல்லாம் சொல்வேன். நான் அன்றைக்குப் பின்பற்றிய இன்னொரு டிப்ஸ் இருக்கிறது. அதை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பிய பிறகு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனேன். போகிறபோதெல்லாம் மதகின் மேலும் கீழும் நின்று நானே ஏகப்பட்ட இடங்களைப் பதிந்துவைத்திருந்தேன். அதற்கெல்லாம் பெயர் வைக்கப் பொறுமை இல்லை. நாம் பெயர் வைக்காவிட்டால் கருவி தானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். அவன் ஏற்கெனவே பதிந்திருந்தவையும் வெறும் எண்கள்தான். அவனுடையதும் என்னுடையதும் ஒன்றாகக் கலந்து, எது எதுவென்று தெரியாமல் போய்விட்டது. அவசரத்தில் ஏதோ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அம்புக்குறி ஒரு சுற்றுச் சுற்றி வடகிழக்கே, கடலைப் பார்த்து நின்றது. கூடவே தூரமும் காட்டியது. தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே சேறு, கையில் இருக்கிற கருவி என்னை வங்காள விரிகுடாவுக்குப் போகச் சொல்கிறது. எனக்கு வந்ததே கோபம்.

முந்தின நாள்தான் இணையத்தில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். புதிதாகத் தேடுகிறவர்கள் குழம்புவதற்குக் காரணம் கருவியில் மிச்சம் கிடக்கிற பழைய புள்ளிகள், தேடப் போகுமுன் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள் என்று. நல்ல யோசனைதான். சொந்தக் கருவி வைத்திருக்கிறவர்களுக்குச் சொன்ன யோசனை.

மெனுவுக்குள் போனேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. நான் தடவித் தடவிப் படிக்கிற ஆள் இல்லை, அந்த மெனு எனக்கு மனப்பாடம். ஆமாம் என்று அமுக்கினேன்.

பிறகு வெள்ளைக்காரரின் தாளிலிருந்த எண்களை மட்டும் நிதானமாக ஏற்றினேன். அம்புக்குறி ஒழுங்காக மதகைக் காட்டியது. கருவியைப் பைக்குள் போட்டேன். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மதகின் அடிக்கல்லெல்லாம் பாசி பிடித்துப் பச்சையாக இருக்க, ஒரு கல்லில் மட்டும் பாசி பக்கவாட்டில் இருந்தது. யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். இழுத்தேன். உள்ளே கறுப்பு டப்பா. சத்தமாகக் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பியது. காகிதத்தில் ஆறேழு பெயர்கள், எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். கீழே தமிழில் என் பெயரை எழுதினேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, இதை வீட்டில் படித்தால் படிக்கட்டும்.

அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கருவியில் அவன் பதிந்திருந்ததெல்லாம் போய்விட்டிருந்தது. நான் மதகில் உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடலூர் திரும்பியதும் அன்றைக்குச் சாயங்காலமே செட்டைக் கொடுக்கப் போனேன். அவன் புதுக் குடியிருப்பு வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்த கதையைக் கை காலை ஆட்டிச் சொன்னேன். அவனும் கேட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே செட்டைப் போட்டுப் பார்த்தான். பொத்தானை ஒரு தடவை அமுக்கினான், மறுபடி அமுக்கினான்.

"மச்சான், உள்ள ஒண்ணையும் காணமே" என்றான்.

"அழிச்சிட்டேன்டா. எல்லாம் வெறும் நம்பரா கெடந்துச்சி, கொழப்பம் பண்ணுது. உன்னோட மீன் பாருதான, திரும்பப் போறப்ப பதிஞ்சிக்க" என்றேன். கடலடியில் பாறை இருந்து மீன் அடைகிற இடத்துக்கு மீன்பிடிக்கிறவர்கள் சொல்கிற பெயர் 'பார்'. பதிந்த இடத்தைப் போகிற போக்கில் மறுபடி பதிந்துகொள்வது என்ன கஷ்டம் என்பதுதான் என் எண்ணம். கடலைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

அவன் கோபப்படவில்லை. செட்டை அணைத்து, மறுபடி போட்டான். மறுபடி அணைத்தான்.

"பாரு போனா போவுது. சொந்தக்காரன் செட்டுல பாதி இருக்குது, மீதியக் கேட்டுப் புடிச்சிக்கலாம்" என்றான். அப்புறம் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "அம்மா எடம் அதுலதான் இருந்துச்சி மச்சான்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு மாட்டியிருக்கும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மூடியின் ஓரத்தில் அவன் அம்மா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கல்யாணச் சீருக்கு வாங்குகிற பாத்திரங்களில் கடைக்காரரே பெயர் வெட்டிக் கொடுப்பாரே, அது மாதிரி. சுனாமிக்குத் தப்பிய ஒரே பாத்திரம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பவில்லையாம். அலை வந்து சில மாசம் கழித்து அவன் திரும்பக் கடலுக்குப் போக ஆரம்பித்தபோது, வலையோடு மேலே வந்ததாம். மூடி மூடியபடியே இருந்ததாம். திறந்தால் உள்ளே சேறு. அவன் நான் சொல்லிக்கொடுத்த பொத்தானை அமுக்கினான்.

உடம்பு கிடைக்காத அம்மாவுக்கு அவனைப் பொறுத்தவரைக்கும் அதுதான் சமாதி. அதற்குப் பிறகு அந்த இடத்தில் அவன் வலை போட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் இருபத்தாறாம் தேதி, ஊரே பால்குடத்தோடு கரைக்கு வருவதற்கு முன்னால், படகில் அங்கே போய்ப் பாலை ஊற்றிவிட்டு, சாமந்திப் பூ போட்டுவிட்டு வருவான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கலாம்ல? நான்தான் சொல்லிக்குடுத்தேன்ல?" என்றேன். தப்பு என் தலையில் விழாமல் தடுக்கிற அவசரத்தில் வாயில் வந்தது அது. எழுதும்போதே கூசுகிறது.

"பேரு வச்சா படவுக்கு வரவன் போறவன் பாப்பான். என்னா எடம்னு கேப்பான். எவனாவது நல்ல பாருன்னு நெனச்சி வலைய எறக்குவான்" என்றான். கடலுக்குப் போகிறவர்கள் யாரும் நல்ல இடத்துக்குப் பெயர் எழுதி வைக்க மாட்டார்களாம். எண்ணாகவே விட்டு, எந்த எண் எது என்று மனசுக்குள் வைத்துக்கொள்வார்களாம். எனக்கு வெறும் குப்பையாகத் தெரிந்தது அவர்கள் போட்டிருந்த பூட்டு.

அவன் பெண்டாட்டி வாசல்படிக்கு வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் என்னை எப்போதும் அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

"எங்க அத்தைய கடல் ஒருவாட்டி தூக்கிட்டுப் போச்சி. இப்ப நீங்க ஒருவாட்டி தூக்கிட்டுப் போயிட்டீங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

"ஏய், உள்ள போ" என்று அவன் அதட்டினான். அவளை அதட்டியது எனக்கு இன்னும் வலித்தது. என்னை அதட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பேன். "டீ குடிக்கிறியா மச்சான்?" என்று கேட்டான்.

அதன்பிறகு நான் செய்யாதது இல்லை. கேபிள் வாங்கிக் கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். இணையத்தில் கிடைத்த மென்பொருளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒருவர், "அழிச்சது அழிச்சதுதான் சார், இதுல குப்பைத்தொட்டி எல்லாம் கெடையாது" என்றார். மதகில் அம்புக்குறி கடலைக் காட்டியதே, அது எந்த எண், என்ன தூரம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அது அவன் அம்மாவின் இடமாகவே இருந்திருக்கலாம். என் கண்ணுக்கு நேராகத் திசையும் தூரமும் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கோபத்தில் நான் படிக்கவில்லை.

அவன் கடலுக்குப் போகிறபோதெல்லாம் தேடியிருக்கிறான். நான் கேட்டால், "புடிபடல மச்சான்" என்பான். "கரைய வச்சி ஒண்ணும் ஞாபகம் இல்லியா?" என்று ஒரு தடவை கேட்டேன். யோசித்தான். "லைட் ஹவுஸ் குச்சி மாரி தெரிஞ்சிச்சி. கரையில வீடு தனித்தனியாத் தெரியல, ஒரே கோடுதான். அவ்ளோதான் ஞாபகம். அதான் பொத்தான அமுக்கிட்டமேன்னு வேற எதையும் பாக்கல" என்றான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும், அது என் வாக்கியம். நீ எதையும் ஞாபகம் வச்சிக்க வேணாம்.

டிசம்பர் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தேதியில் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். முந்தின நாள் அவனே கடைக்கு வந்தான். "நாளைக்கு வரியா? நீதான் தேடறதுல கில்லாடி ஆச்சே" என்றான். கிண்டல் செய்கிறானா, மன்னித்துவிட்டானா என்று தெரியவில்லை. சரி என்றேன்.

விடிந்ததும் புறப்பட்டோம். ஃபைபர் படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒரு தூக்கில் பால், பழைய தூக்குதான், பெயர் வெட்டியது. மஞ்சள் பையில் சாமந்தி. அவன் பெண்டாட்டி கரை வரைக்கும் வந்து பாலைக் கொடுத்துவிட்டு, "பாத்துக் கண்டுபுடிச்சிட்டு வாங்க" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, அவனைப் பார்த்துச் சொன்னாளா என்று கவனிக்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் அதற்குமுன் கடலுக்குள் போனதில்லை. முகத்துவாரத்தைத் தாண்டியதும் படகு குதிக்க ஆரம்பித்தது. நான் மனசுக்குள் என் டிப்ஸ்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒளித்தவனாக நினைத்துக்கொள். இங்கே ஒளித்தது யார்? இயற்கையாக இல்லாதது எது என்று பார். எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். மதகில் திருப்பி வைத்த கல் மாதிரி இங்கே ஒன்றும் இல்லை. தேடுவதற்கு ஒரு இடம் வேண்டுமே, அந்த இடத்தைத்தான் நான் அழித்துவிட்டேன்.

முதல் வாந்தி அப்போது வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, வயிற்றில் இருந்ததெல்லாம் போய், பித்தம் வந்து, அதற்குமேல் அழுகை வந்தது. வாந்தியினால் வந்த அழுகை என்றுதான் ஆரம்பித்தது. பிறகு அது வேறு அழுகை ஆகிவிட்டது. "தப்புப் பண்ணிட்டன்டா, அம்மாவத் தொலைச்சிட்டன்டா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

அவன் இன்ஜினை நிறுத்தினான்.

படகு சும்மா ஆடியது. அவன் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தான். குனிந்து தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்தான்.

"இங்கதான் மச்சான்" என்றான்.

"எப்பிடிடா தெரியுது?"

"தெரியுது. இதே எடந்தான். தண்ணி கலரு அதேதான்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். அவன் பூவைப் போட்டான். பாலை ஊற்றினான். வெள்ளையாக இறங்கிக் கலங்கிக் காணாமல் போனது. பிறகு செட்டை என்னிடம் நீட்டி, "நீயே பதி" என்றான். பொத்தானை அமுக்கினேன். தானாக ஒரு எண்ணைப் போட்டது.

"பேரு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "வையி. இனிமே எவன் பாத்தா என்னா" என்றான்.

அவன் அம்மாவின் பெயரை இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாக ஏற்றினேன். தப்பு வரக்கூடாது என்று தூக்கு மூடியை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டியிருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். ஏற்றி முடித்து நிமிர்ந்தேன். அப்போதுதான் கரையைப் பார்த்தேன்.

கரை கோடாக இல்லை. வீடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த புடவை மஞ்சள் நிறம் என்றுகூடத் தெரிந்தது. லைட் ஹவுஸ் குச்சி மாதிரி இல்லை, நன்றாகப் பருமனாக நின்றது. நாங்கள் அதிக தூரம் வரவே இல்லை. நான் வாந்தி எடுத்து அழுத இடத்தில் அவன் நிறுத்தியிருக்கிறான்.

சொல்லியிருக்கலாம். "பொய் சொல்றியா, இன்னும் தூரம் போடா" என்று சொல்லியிருக்கலாம். செட் என் கையில்தான் இருந்தது. பதிந்ததை அழிக்கவும் எனக்குத் தெரியும். பேசாமல் அவனிடம் கொடுத்தேன். திரும்ப அந்தத் தூரம் போய், மறுபடி வாந்தி எடுத்து, மறுபடி அது கிடைக்காமல் திரும்புவதற்கு எனக்குத் திராணி இல்லை. அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், அதுதான் உண்மை.

கரையில் அவன் பெண்டாட்டி நின்றிருந்தாள். ஊர் ஜனங்கள் பால்குடத்தோடு வர ஆரம்பித்திருந்தார்கள். "கெடைச்சிதா?" என்று ஓடிவந்து கேட்டாள்.

"கெடைச்சிடுச்சி. மச்சான்தான் கண்டுபுடிச்சான்" என்றான் அவன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அன்னைக்கு ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க" என்று அழுதாள். வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டாள். அன்றைக்கு அங்கே யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை, அதனால் மீன் இல்லை. வெறும் சாம்பார்தான். அதை முழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் அவன் என்னைக் கூப்பிட்டான், நானும் போனேன். பெரிய புயல் அடித்து அந்தப் பக்கத்துக் கூரையெல்லாம் பறந்த வருஷம், புயலுக்குச் சில நாள் முன்னால்கூடப் போனோம். கருவி எங்களை நேராக அங்கே கொண்டுபோய்விடும். வந்துசேர்ந்தாயிற்று என்று அவன் அம்மாவின் பெயரைத் திரையில் காட்டும். வாந்திகூட இப்போது வருவதில்லை. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். படகில் நின்று அவன் பாலை ஊற்றுவான், நான் பூவைப் போடுவேன். ஊற்றும்போது அவன் தண்ணீரைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறான், நான் சரியாக இருக்கிறேனா என்று.